தற்கொலைக் கணக்கை எப்படிப் படிப்பது?

கேள்வி: தற்கொலையில் தமிழ்நாடு இரண்டாம் இடம் என்று படித்தேன். நம் மாநிலம் அவ்வளவு மோசமா? – வாசகர், கும்பகோணம்

எண்ணிக்கையில்தான் இரண்டாம் இடம். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கைப்படி மகாராஷ்டிரத்தில் 22,746 பேர், இங்கே 19,834 பேர். மக்கள்தொகை கூடினால் எண்ணிக்கையும் கூடும். அதனால் லட்சம் பேருக்கு எத்தனை என்று பாருங்கள். 19,834-ஐ நம் மக்கள்தொகையான சுமார் 766 லட்சத்தால் வகுத்தால் 25.9. மகாராஷ்டிரம் 18.1-க்கு இறங்கிவிடும், கேரளம் 28.5, புதுச்சேரி 29.7 என்று நம்மைத் தாண்டிவிடும். ஆனால் தேசிய சராசரி 12.4தான். நாம் அதற்கு இரு மடங்கு. இதில் ஆறுதல்பட எதுவும் இல்லை.

பீகாரில் லட்சத்துக்கு 0.6தான் என்று வருவதை அப்படியே நம்பிவிடாதீர்கள். காவல் நிலையத்தில் தற்கொலை என்று பதிவானால்தான் கணக்கில் ஏறும். விபத்து என்று எழுதினால் விடுபட்டுப் போகும். தென்மாநிலங்களில் பதிவு ஒழுங்காக நடப்பது உண்மை. அதற்காக எல்லாம் பதிவின் விளைவு என்று தட்டிக்கழிக்க முடியாது. வீடு வீடாக விசாரித்த மில்லியன் மரண ஆய்விலும் தெற்கே விகிதம் அதிகம் என்றே தெரிந்தது.

கேள்வி: கல்லூரித் திட்டக் கட்டுரைக்காக மாவட்டங்களை வரிசைப்படுத்துகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்? – மாணவி, திருச்சி

ஓராண்டுக் கணக்கை வைத்து வரிசை போடாதீர்கள். பெரம்பலூரில் 2011 கணக்கெடுப்பின்படி 5.65 லட்சம் பேர். அங்கே பத்து மரணம் கூடினாலே விகிதம் 1.8 ஏறிவிடும், கோவையில் அதே பத்து தெரியவே தெரியாது. ஐந்தாண்டுகளைக் கூட்டிச் சராசரி எடுங்கள்.

அடுத்து, பங்கு வேறு, விகிதம் வேறு. நாடு முழுக்க 2022-இல் இறந்தவர்களில் 26.4 சதவீதம் தினக்கூலிகள். 2014-இல் இது 12 சதவீதம். கவலைப்பட வேண்டிய ஏற்றம்தான். ஆனால் ஆபத்து எவ்வளவு கூடியது என்று சொல்ல, தினக்கூலிகளின் மொத்த எண்ணிக்கையும் வேண்டும். முதியோர் விஷயத்தில் இதுவே தலைகீழாக நடக்கிறது: பங்கு சிறிதாக இருப்பதால் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆண்கள் 100-க்கு 72 பேர் என்பதைச் சொல்லி நிறுத்தவும் வேண்டாம்; இறந்த பெண்களில் பாதிக்கு மேல் இல்லத்தரசிகள்.

காப்பக அறிக்கை அட்டவணையின் 'காரணம்' பத்தியை எச்சரிக்கையாகக் கையாளுங்கள். குடும்பப் பிரச்சினை, நோய், தேர்வுத் தோல்வி என ஏதோ ஒன்றில்தான் ஒரு மரணம் அடங்கும். கடன், குடி, மனச்சோர்வு மூன்றும் சேர்ந்திருந்தாலும், விசாரணையின்போது வீட்டார் சொன்ன ஒன்றுதான் பதிவாகியிருக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையன் தற்கொலைக்கு முயன்று மருத்துவமனையிலிருந்து திரும்பியிருக்கிறான். எப்படி உதவுவது? – வாசகி, விருத்தாசலம்

வயது, தொழில், பாலினம் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்துக் காரணி முந்தைய முயற்சிதான். முதல் சில வாரங்கள் தனியே விடாதீர்கள். "மறுபடி அந்த எண்ணம் வருதாப்பா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் தூண்டப்படுவதில்லை. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்தச் சொல்லுங்கள், மாத்திரைகளை வேறொருவர் பொறுப்பில் பூட்டி வைக்கட்டும். மனநல மருத்துவரிடம் மறுமுறை போகும் தேதி தவறக் கூடாது. வழக்கு வருமோ என்று பயந்து சிகிச்சையை மறைக்கிறார்கள். 2017 மனநலச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொண்டு தண்டனையிலிருந்து காக்கிறது. 104, 14416 இரண்டும் 24 மணி நேரமும் கிடைக்கும் இலவச ஆலோசனைத் தொலைபேசி எண்கள். பையன் மட்டுமல்ல, அவன் அம்மாவும் பேசலாம்.