வாசகர் கேள்வி – பதில்: ஆட்குறைப்பில் மிச்சம் எவ்வளவு?

கேள்வி: அமெரிக்காவில் செலவைக் குறைப்பதற்கென்று அரசாங்க ஊழியர்களைப் பெருந்தொகையாக வீட்டுக்கு அனுப்பினார்களே, அதனால் அந்த நாடு எதையாவது மிச்சம் பிடித்ததா? நமது கச்சேரியிலும் பிரதேச செயலகங்களிலும் ஆள் கூடிவிட்டது என்று பலரும் சொல்வதால் கேட்கிறேன்.
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், களுவாஞ்சிக்குடி

பதில்: ஆள் குறைந்தது உண்மை, மொத்தச் செலவு குறையவில்லை. 2025 ஜனவரி 20ஆம் திகதி ட்ரம்ப் பதவியேற்ற அன்றே இதற்கென ஓர் அமைப்பு உருவாக்கப்பட்டது. அதன் முகமாக விளங்கிய ஈலோன் மஸ்க், 2 டிரில்லியன் டொலரை வெட்டலாம் என்று தேர்தல் மேடையிலேயே சொல்லியிருந்தார். அந்த நிதியாண்டு முடிந்தபோதோ செலவு முந்திய ஆண்டையும் தாண்டியிருந்தது. முதியோருக்கான கொடுப்பனவு, மருத்துவம், பாதுகாப்பு, கடன் வட்டி ஆகியவையே பெரும் பங்கை விழுங்குகின்றன. சிவில் ஊழியர்களின் சம்பளம் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

என் பார்வையில் பெரிய பிழை, யாரை அனுப்பினார்கள் என்பதில் இருந்தது. நீக்குவதற்குச் சட்டச் சிக்கல் குறைவு என்பதற்காக, தகுதிகாண் காலத்தில் இருந்தவர்களை முதலில் பிடித்தார்கள். பதவி உயர்வு பெற்றுப் புதிய இடத்துக்கு வந்த அனுபவசாலிகள் சிலரும் அந்த வலைக்குள் அகப்பட்டார்கள். பெப்ரவரியில் அணுவாயுதப் பராமரிப்புக்குப் பொறுப்பான நிறுவனத்தில் நூற்றுக்கணக்கானோரை நீக்கிவிட்டு, மறுநாளே பெரும்பாலானோரைத் திருப்பி அழைக்க முயன்றபோது, அவர்களின் அலுவலக மின்னஞ்சல் ஏற்கெனவே துண்டிக்கப்பட்டிருந்ததால் தொடர்புகொள்ள வழியில்லாமல் திண்டாடினார்கள். பறவைக் காய்ச்சலைக் கவனித்த விவசாயத் திணைக்கள ஊழியர்களுக்கும் இதே கதைதான். வரி அறவிடும் திணைக்களம் சில மாதங்களில் தன் ஊழியர்களில் நான்கில் ஒரு பங்கை இழந்தது. வருமானம் தேடித் தரும் கையையே வெட்டிவிட்டு அதைச் சிக்கனம் என்பது எனக்கு விளங்கவில்லை.

நமது கதையும் தங்களுக்குத் தெரியாததல்ல. ஓய்வு வயது 60ஆக இறக்கப்பட்டதால், 2022 டிசெம்பர் 31ஆம் திகதி நாடு முழுவதும் பல்லாயிரம் அரச ஊழியர்கள் ஒரே நாளில் விடைபெற்றார்கள். எந்தக் காணிக் கோவை எந்த அலுமாரியில் இருக்கிறது, எந்தச் சுற்றறிக்கை எதை இரத்துச் செய்தது என்பதெல்லாம் பிரதம எழுதுவினைஞர் ஒருவரின் தலைக்குள் மட்டும் இருந்த கந்தோர்களில், அந்த வெற்றிடம் சம்பளப் பட்டியலில் மிச்சமாகவும், வரிசையில் நிற்பவருக்கு இன்னொரு நாள் பஸ் கூலியாகவும் தெரிந்திருக்கும். ஆள் கூடிய கந்தோர் நம்மிடம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் எந்த மேசையில் என்ன வேலை நடக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆளை எண்ண வேண்டும்.

கேள்வி: அமெரிக்க வானிலைச் சேவையிலும் ஆட்களைக் குறைத்தார்களாம். நமது சுனாமி எச்சரிக்கைக்கு அதனால் பாதிப்பு வருமா?
– வாசகி, கல்லடி

பதில்: நேரடியாக வராது. 2004இல் சுமாத்திரா நிலநடுக்கத்தை ஹவாயில் உள்ள அமெரிக்க நிலையம் அறிந்திருந்தும், அதை நமக்கு அறிவிக்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. இன்று இந்து சமுத்திரத்துக்கான தகவலை இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் நிலையங்கள் வழங்குகின்றன. உள்ளூரில் அதை அறிவிப்பது வளிமண்டலவியல் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும். அமெரிக்க வானிலைச் சேவை ஐந்நூறுக்கு மேற்பட்டோரை இழந்து, சில இடங்களில் வானிலைப் பலூன் விடுவதைக் குறைத்தது. பின்னர் 450 பேரைச் சேர்க்க அதே அரசாங்கமே அனுமதித்தது.

ஒரு மெல்லிய இழை மட்டும் உண்டு. பல்லேகலையில் உள்ள நிலநடுக்கப் பதிவு நிலையம், அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றத்தின் நிதியில் இயங்கும் உலக வலையமைப்பின் ஓர் அங்கம். 2026ஆம் நிதியாண்டில் அந்த மன்றத்தின் ஒதுக்கீட்டைப் பாதிக்கு மேல் வெட்ட வெள்ளை மாளிகை முன்மொழிந்தது. அத்தகைய நிலையங்கள் குறைந்தால் எச்சரிக்கை நின்றுவிடாது. நடுக்கத்தின் இடத்தையும் அளவையும் கணிப்பதற்கான தரவு குறையும்.