அந்த 19 சதவீதப் பிழை

அன்புள்ள ஐயா,

நாசாவின் கிராவிட்டி புரோப்-பி செயற்கைக்கோள் பற்றிப் படித்தேன். ஐன்ஸ்டைன் சொன்னதைச் சரிபார்க்க 75 கோடி டாலர். பூமி சுழலும்போது வெளியையும் சேர்த்து இழுக்கிறது என்பதை அளந்ததில் 19 சதவீதப் பிழை. தரையிலிருந்து லேசர் அடித்துத் தூரம் பார்க்கும் செயற்கைக்கோள்களை வைத்து இதையே மலிவாக அளந்துவிட்டார்கள். தண்டச் செலவுதானே?

இயற்பியல் மாணவன், வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

லேசர் விஷயம் சரி. ஒன்றை இரண்டு வழியில் அளப்பது தண்டமாகாது, அவ்வளவுதான். ஆனால் அந்த 19-ஐ நீ ஏளனமாக எழுதியது சுட்டது. சில நாட்களாக நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் மாமா பழைய வண்ணாரப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்தார். காசிமேட்டு விசைப்படகுக்காரர் ஷாஃப்ட்டுக்காக வாசலிலேயே நிற்பார். டயல் முள் ஒரு கோடு ஆடினாலும் மாமா ஜாப்பை, அதாவது கடையும் துண்டை, சக்கின் பிடியிலிருந்து கழற்றி, அரைச்சுற்று திருப்பி மாட்டுவார். "இன்னாடா அவசரம்? கோணல் ஜாப்லயா, சக்லயான்னு தெரிய வேணாமா?"

642 கிலோமீட்டர் உயரத்தில் நடந்ததும் இதுதான். பம்பரம்போல் சுழலும் 38 மில்லிமீட்டர் குவார்ட்ஸ் பந்துகள் நான்கு, 2004-இல் மேலே போயின. கருவியின் கோணல் தனியே தெரிய, செயற்கைக்கோள் 77.5 விநாடிக்கு ஒரு முறை உருண்டுகொண்டே இருந்தது. தேடியது, அந்தப் பந்துகளின் சுழல் அச்சில் ஆண்டுக்கு 39 மில்லி விகலைச் சாய்வு. ஒரு விகலையே பாகையில் 3600-இல் ஒரு பங்கு. அதில் ஆயிரத்தில் 39!

2005-இல் அளவெடுப்பு முடிந்ததும் செயற்கைக்கோளை, அது குறிபார்த்துக்கொண்டிருந்த நட்சத்திரத்தை விட்டு வேண்டுமென்றே விலக்கித் திருப்பினார்கள். விலக விலகப் பந்துகளின் அச்சு கூடுதலாக நகர்ந்தது. பந்தின் பூச்சிலும் உறையின் சுவரிலும் திட்டுத் திட்டாக மின்னழுத்தம் மாறியிருந்ததுதான் காரணம். அந்தச் சிறு இழுப்பு, தேடிய சாய்வையே மூடியிருந்தது. திட்டத் தலைவர் பிரான்சிஸ் எவெரிட்டின் குழு அதைக் கணக்கிட்டுக் கழிக்க ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தது. 2008-இல் நாசா நிதியை நிறுத்தியது. வேறிடத்தில் பணம் திரட்டித் தொடர்ந்தார்கள். 2011-இல் வந்த விடை 37.2 மில்லி விகலை, பிழை 7.2. இலக்கு ஒரு சதவீதம் என்று ஊருக்கே சொல்லியிருந்தவர்கள், 19 என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த எண்ணைப் பார்த்தா சிரிக்கிறாய்? பூமியின் நிறை வெளியை வளைப்பதால் வரும் பெரிய சாய்வை 6602 மில்லி விகலை என்று, 18 மட்டுமே பிழையோடு, அதே பந்துகள்தாம் அளந்தன. அதை உன் கடிதத்தில் காணோம்.

கோபித்துக்கொள்ளாதே, உன் வயதில் இதைப் படிக்கிறாயே என்று சந்தோஷம்தான். 2011 கட்டுரையில் பிழைகளைப் பற்றிய பகுதியை முதலில் படி. புரியாததைக் குறித்துக்கொண்டு ராயபுரம் வா, உட்கார்ந்து பேசுவோம்.