பரணில் இருந்து இறங்கிய எட்வர்ட்

கேள்வி: அக்கா, மிக்ஜாம் புயலில் தண்ணீருக்குப் பயந்து பரணில் ஏற்றிய பெட்டியைப் போன வாரம்தான் இறக்கினேன். உள்ளே 'ட்வைலைட்' என்ற ஆங்கில வேம்பயர் (ரத்தம் குடிக்கும் சாகாத மனிதர்கள்) காதல் நாவலின் நான்கு பாகங்களும் இருந்தன. பதினொன்றாம் வகுப்பில் உயிராக இருந்த கதை. இப்போது எனக்கு 33 வயது, ஒரு பையன் இருக்கிறான். ஆசையாகத் திரும்ப எடுத்தால் கதாநாயகன் எட்வர்ட் மேல் கோபம் கோபமாக வருகிறது. கதாநாயகி பெல்லா தூங்கும்போது அவளுக்குத் தெரியாமல் அறைக்குள் வந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இவனுக்காகவா அப்படி உருகினேன்? நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: கோபம் சரிதான். வெட்கம் வேண்டாம்.

எனக்கும் இதே கதைதான். காலடிப்பேட்டையில் வீடு, பத்தாவது வரை தமிழ் மீடியம். முதல் பாகத்தை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் எண்பது ரூபாய்க்கு வாங்கினேன், பின் அட்டை இல்லாமல். மின்வெட்டு நேரத்தில் மொட்டை மாடியில் அகராதியோடு உட்காருவேன். முதல் அத்தியாயத்துக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. நான் முழுசாகப் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அதுதான். கதை நடக்கிற ஃபோர்க்ஸ், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நிஜமாகவே இருக்கிற சின்ன ஊர். ஆண்டுக்குச் சுமார் 300 சென்டிமீட்டர் மழை. நம் சென்னைக்கு 140, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். மே மாதப் புழுக்கத்தில், எண்ணூர்ப் பக்கத்துக் காற்றில், அந்த ஈரக் காட்டைப் படித்தது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றும் சொல்ல முடியும்.

நீங்கள் எழுதியதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது பாகத்தில் பெல்லா, ஓநாயாக மாறுகிற தன் நண்பன் ஜேக்கப்பைப் பார்க்கப் போய்விடக் கூடாது என்று எட்வர்ட் அவள் வண்டியின் இன்ஜினில் இருந்து ஒரு பாகத்தையே கழற்றிவிடுகிறான். 1918இல் விஷக் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது வேம்பயர் ஆனவன். முகத்துக்குப் பதினேழு வயது, ஆளுக்கு நூறைத் தாண்டிவிட்டது. பதினாறு வயதில் இதையெல்லாம் அக்கறை என்றுதான் படித்தோம். நம் வீடுகளில் 'எங்கே போனே, யாரோடு போனே' என்று கேட்பதற்கு அன்பு என்றுதானே பேர் வைத்திருந்தார்கள்? பிறகு நிஜ வாழ்க்கையில் அப்படிக் கேட்கிற ஒருவரைப் பார்த்ததும் வித்தியாசம் தெரிந்துவிட்டது. உங்களுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கோபம்.

ஆனால் கோபத்தோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். முதல் பாகத்தில் மூன்றாவது அத்தியாயத்தைத் திரும்ப எடுங்கள். எல்லாருக்கும் நினைவிருப்பது என்ன? பனியில் வழுக்கி வரும் வேனை எட்வர்ட் கையால் தடுப்பது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. ரோடெல்லாம் உறைந்து கிடக்கிறது, ஆனால் தன் வண்டி வழுக்கவே இல்லையே என்று பெல்லா இறங்கிப் பார்க்கிறாள். அப்பா சார்லி விடிவதற்கு முன்பே எழுந்து, அவள் வண்டி டயர்களில் பனிச் சங்கிலி மாட்டி வைத்திருக்கிறார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளுக்குத் தொண்டை அடைக்கிறது.

பதினாறு வயதில் அந்த இடத்தைத் தாண்டி ஓடியிருக்கிறேன். போன வருஷம் மெட்ரோவில் படித்துக்கொண்டு வந்தபோது, அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். இறங்க வேண்டிய ஸ்டேஷன் போய்விட்டது. என் அப்பா ஹார்பரில் வேலை பார்த்தார். காலை ஷிஃப்டுக்கு நாலரை மணிக்குக் கிளம்புவார். கிளம்பும் முன் என் சைக்கிளுக்குக் காற்றடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, திண்ணை ஓரமாகச் சாய்த்து வைப்பார். நான் டியூஷனுக்குக் கிளம்பும்போது டயர் கல் மாதிரி இருக்கும். டோல்கேட் வரைக்கும் மிதித்துப் போவேன். ப்ளஸ் டூ முடியும் வரை காற்று தானாகவே நிற்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. சார்லி மாதிரியே அதிகம் பேசாதவர்.

இதே கதையில்தான் இரண்டு பேரும் இருந்தார்கள், தோழி. வண்டியில் பாகத்தைக் கழற்றுகிறவனும், வண்டிக்குச் சங்கிலி மாட்டுகிறவரும். அப்போது ஒருவரைப் பார்த்தோம். இப்போது மற்றவர் கண்ணில் படுகிறார். இரண்டாம் பாகத்தையும் பாருங்கள். எட்வர்ட் விட்டுப்போன பிறகு அக்டோபர், நவம்பர், டிசம்பர், ஜனவரி என்று மாதப் பெயர் மட்டும் போட்டு வெறும் பக்கங்கள் வரும். அந்த நாலு மாதமும் மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் அந்த வீட்டில் ஒரு மனுஷன் இருந்தார். பையனைப் பெற்றவர் நீங்கள், அந்த வெற்றுப் பக்கங்கள் இப்போது உங்களுக்கு வேறு மாதிரி இருக்கும்.

கேள்வி: ஜேக்கப்பின் குவிலியூட் மக்கள் கற்பனையா, நிஜமா?
- வாசகர், காசிமேடு

பதில்: நிஜம். ஃபோர்க்ஸுக்குப் பக்கத்தில் லா புஷ் என்ற கடலோர ஊரில் வாழும் பழங்குடியினர், மீன்பிடி மக்கள். ஓநாயில் இருந்து உருமாறி வந்தவர்கள் என்பது அவர்களுடைய சொந்தப் பூர்வ கதை. வேம்பயர் சண்டை ஆசிரியர் ஸ்டெஃபெனி மேயர் சேர்த்தது. நாவலில் வராத ஒன்றைக் காசிமேட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் ஊர் சுனாமி அபாயத்தில் இருக்கிறது. மேட்டு நிலம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடி, 2012இல் அமெரிக்க அரசு சட்டம் போட்டு, தேசியப் பூங்காவில் இருந்து நிலம் பிரித்துக் கொடுத்தது. முதலில் பள்ளிக்கூடத்தை மேலே கொண்டுபோனார்கள். 2004க்குப் பிறகு கரையை விட்டு எர்ணாவூர் குடியிருப்புகளுக்குப் போன நம் ஜனங்களுக்கு, ஓநாய்க் கதையை விட இந்தக் கதைதான் நெருக்கமாகப் படும்.

கேள்வி: என் அக்கா மகளுக்கு 14 வயது. இந்தப் புத்தகங்களைக் கொடுக்கலாமா?
- வாசகி, பெரம்பூர்

பதில்: என் அக்கா மகளுக்கும் அதே வயது. கொடுத்துவிட்டேன். ஒன்றும் சொல்லாமல்தான் கொடுத்தேன். மூன்றாவது பாகத்தில் அந்த இன்ஜின் இடம் வந்ததும் அவளே எழுந்து வந்தாள். "இன்னா சித்தி, வண்டில கை வெக்கிறான்? இவகிட்ட கேக்கவே இல்லியே?" அன்று ராத்திரி சாப்பாடு ஆறும் வரை பேசிக்கொண்டிருந்தோம். நாலாவது பாகத்தில் பிரசவம் வரும் பகுதி ரொம்ப ரத்தம். அது மட்டும் என் அலமாரியில் இருக்கிறது, பதினாறு ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள்.