புத்தகத்துக்குள் ஒரு துண்டுச்சீட்டு: பள்ளி நூலகத்தின் ஓராண்டு வாசிப்பை எப்படிப் பதிவு செய்வது?

கேள்வி: அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். 6 முதல் 10 வரை 180 பிள்ளைகள். இரண்டு பீரோக்களில் ஏறத்தாழ 900 புத்தகங்கள். சென்ற ஆண்டு ‘யார் அதிகம் படிக்கிறார்கள்’ என்று ஒரு போட்டி வைத்து, படித்த புத்தகத்தின் சுருக்கத்தை நோட்டில் எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் பின்னட்டையில் இருப்பதைப் பார்த்து எழுதிவிட்டார்கள். டிசம்பருக்குப் பிறகு நோட்டு வருவதே நின்றுபோனது. இந்த ஆண்டு பிள்ளைகளே ஒருவருக்கொருவர் புத்தகம் பரிந்துரைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கடைசியில் ‘எங்கள் பள்ளி என்ன படித்தது’ என்று காட்ட ஒரு பதிவும் வேண்டும். எப்படி ஆரம்பிப்பது?

பதில்:

டீச்சர், ‘யார் எத்தனை படித்தார்கள்’ என்பதை விட்டுவிட்டு ‘பள்ளி என்ன படித்தது’ என்று கேட்க ஆரம்பித்திருக்கிறீர்கள். அதிலேயே பாதி வேலை முடிந்தது. மீதி வேலை, பதிவை இடம் மாற்றுவது. இதுவரை பிள்ளையின் பெயருக்கு நேராக எழுதிவந்த பதிவை எடுத்துப் புத்தகத்துக்குள் வையுங்கள்.

பொது நூலகத்துப் புத்தகங்களில் ஒரு தேதித்தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பித் தர வேண்டிய தேதி ஒன்றன்கீழ் ஒன்றாக முத்திரை விழுந்திருக்கும். பள்ளி நூலகங்களிலேயே என் வேலைக்காலம் போனது. பிள்ளைகள் புத்தகம் எடுக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அட்டையைப் பார்ப்பார்கள், நடுவில் படம் இருக்கிறதா என்று புரட்டுவார்கள், அப்புறம் நேராகத் தேதித்தாளுக்குப் போவார்கள். “இதை எத்தனை பேர் எடுத்திருக்காங்க பாரு” என்று பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுவார்கள். பரிந்துரை அங்கேயே நடந்துவிடுகிறது. அந்தத் தாளின் கூடவே பேசும் சீட்டு ஒன்றையும் வைக்கிறோம், அவ்வளவுதான்.

செய்முறை இது. உள்ளங்கை அளவு சீட்டு போதும். தினசரிக் காலண்டர் தாள், பழைய வினாத்தாளின் பின்பக்கம் எதுவானாலும் சரி. புத்தகத்தைத் திருப்பித் தரும்போது பிள்ளை அதில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: ‘இந்தப் புத்தகத்தை யாரிடம் கொடுப்பாய், ஏன்?’ சுருக்கம் வேண்டாம், நீதி என்ன என்று கேட்கவே வேண்டாம். பின்னட்டையைப் பார்த்து எழுதும் பழக்கம் இந்த ஒரு கேள்வியில் நின்றுபோகும். ஏழாம் வகுப்பில் யாருக்குக் கிரிக்கெட் பைத்தியம், யாருக்குப் பேய்க்கதை பிடிக்கும் என்பதெல்லாம் பின்னட்டைக்கு எப்படித் தெரியும்?

இப்படி வந்த சீட்டுகளில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பையன் பென்சிலால் எழுதியது: “இதுல நாய் சாகாது. பயப்படாம படிக்கலாம்.” அதற்கு முந்தைய மாதம் அவன் படித்த கதையில் நாய் செத்துப்போயிருந்தது. மூன்று நாள் அந்தக் கதையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். அந்தச் சீட்டு உள்ளே போன பிறகு, நாய் வளர்க்கிற பிள்ளைகள் எல்லோரும் அந்தப் புத்தகத்துக்கு வரிசையில் நின்றார்கள். இன்னொரு பெண் தடிமனான ஒரு நாவலுக்குள், “37ஆம் பக்கம் வரைக்கும் பொறுத்துக்கோ” என்று எழுதியிருந்தாள். ஒரு வாசகர் இன்னொருவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அது. நான் எத்தனை முறை சொல்லியும் நகராத புத்தகம் அந்த ஒரு வரியில் நகர்ந்தது.

சீட்டில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாதீர்கள். தமிழாசிரியை கைக்கு அது கஷ்டம்தான், தெரியும். சிவப்பு மை விழுந்த அன்றே அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ‘பிடிக்கவில்லை’ என்று எழுதவும் விடுங்கள். காரணம் மட்டும் இருக்க வேண்டும். “எழுத்து ரொம்பப் பொடிசு” என்று நாலு பேர் எழுதினால், அடுத்த முறை வாங்கும்போது உங்களுக்கே உதவும்.

சீட்டைப் புத்தகத்தில் ஒட்ட வேண்டாம். மைதாப் பசை கரப்பானையும் புத்தகப் பூச்சியையும் கூப்பிடும். குண்டூசி துருப்பிடித்துத் தாளைக் கறையாக்கும். பின்னட்டையின் உட்புறத்தில் பழைய கவர் ஒன்றைப் பாதியாக வெட்டி, ஓரத்தில் மட்டும் லேசாகக் கோந்து தடவிப் பையாக ஒட்டிக்கொள்ளுங்கள். சீட்டுகள் அதற்குள் கிடக்கட்டும்.

அடுத்தது பீரோ. நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் அது பூட்டியிருக்கும் என்றுதான் ஊகிக்கிறேன். பூட்டுகிறவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஒரு புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்ற பயம் நியாயமானது. இதில் உங்களுக்குத் தைரியம் தரக்கூடிய ஒரு தகவல் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-இல் விதி 215 நூலகங்களைப் பற்றியது. ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து தொலைந்தால், அதில் நேர்மையின்மையோ அலட்சியமோ இல்லாத பட்சத்தில், அதை இயல்பான இழப்பாகக் கொள்ளலாம் என்கிறது. ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய நூலும் தொலைந்தால் மட்டும் கட்டாயம் விசாரிக்க வேண்டும். உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்துவது மாநில விதிகளும் துறைச் சுற்றறிக்கைகளும்தான். ஆனால், நூலகம் என்றால் கொஞ்சம் தொலையத்தான் செய்யும் என்று அரசு விதியே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதைத் தலைமையாசிரியரிடம் எடுத்துச் சொல்ல இது உதவும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் ஒரு நூலகப் பாடவேளை என்றாலும், தேர்வு, விழா, மழை விடுமுறை எல்லாம் போக ஆண்டுக்கு முப்பது கிடைத்தால் பெரிது. ஒரு பிள்ளை இரண்டு வாரத்துக்கு ஒரு புத்தகம் எடுத்தால் ஆண்டுக்குப் பதினைந்து. 180 பிள்ளைகளுக்கு 2,700 வழங்கல். மேலே சொன்ன அளவுப்படி 13 புத்தகம் வரை இழப்பு இயல்பானது. ஆண்டு தொடக்கத்திலேயே இந்தக் கணக்கைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வைத்துப் பேசிவிடுங்கள். மார்ச்சில் இருப்புச் சரிபார்க்கும்போது பதற்றம் இருக்காது. நன்கொடையாக வந்த புத்தகங்களுக்குத் தனிப் பதிவேடு போட்டு, முதலில் அவற்றை வெளியே விடுங்கள். வகுப்பறைச் சுவரில் கயிறு கட்டி, முன்னட்டை தெரியும்படி தொங்கவிட்டாலே போதும். முதுகு மட்டும் தெரியும் புத்தகத்தைப் பிள்ளைகள் எடுப்பது அபூர்வம்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். அவற்றில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பது. மூன்றாவது அதையே திருப்பிப் போட்டது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர். பள்ளிகளில் இரண்டாவதைத்தான் நாம் பேசுகிறோம். உங்கள் சீட்டுமுறை மூன்றாவது விதியின் வேலையைச் செய்யும். மாதம் ஒருமுறை பீரோவைத் திறந்து, ஒரு சீட்டுகூட இல்லாத புத்தகங்களைத் தனியாக எடுத்து மேசைமேல் வையுங்கள். “இதை இதுவரை யாரும் படிக்கவில்லை, முதல் சீட்டு யாருடையது?” என்று கேளுங்கள். முதல் ஆளாக இருப்பதில் பிள்ளைகளுக்குத் தனி ஆசை உண்டு. ரங்கநாதனின் பிறந்தநாளைத்தான் ஆகஸ்ட் 12 அன்று தேசிய நூலகர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஜூனில் ஆரம்பித்தால் அதற்குள் நூறு சீட்டாவது சேர்ந்திருக்கும். அன்றைக்குக் காலை வணக்கக் கூட்டத்தில் பத்துச் சீட்டை, எழுதியவரின் பெயர் சொல்லாமல், வாசிக்கலாம்.

வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டிப் படிப்பவர்கள் இருப்பார்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலையில் வந்திருக்கின்றன. புத்தகத்துக்கு அந்தப் பிரிவு நல்லது. பிள்ளையின்மீது அதை ஒட்டிவிடாதீர்கள். நான்கையும் கலந்தே தொங்கவிடுங்கள். நான் இருந்த ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வாராவாரம் “தம்பிக்கு” என்று பெரிய எழுத்துப் புத்தகமாகக் கேட்டு வாங்கிப் போவாள். அவளுக்குத் தம்பி கிடையாது என்று வகுப்பாசிரியர் ஒருநாள் சொன்னார். நான் அவளிடம் கேட்கவில்லை. “தம்பிக்கு இதுவும் பிடிக்கும்” என்று சொல்லி அடுத்த புத்தகத்தைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ஜனவரியில் அவளாகவே, “இது எனக்கு” என்று ஒரு புத்தகத்தை எடுத்தாள். எழுத முடியாத பிள்ளைகளிடம் சீட்டைச் சொல்லச் சொல்லி, எழுதத் தெரிந்த நண்பரை எழுதவைக்கலாம். படம் வரைந்து கொடுத்தாலும் அது சீட்டுதான்.

போட்டி மட்டும் வேண்டவே வேண்டாம். ஒருமுறை நானும் நூறு புத்தகத்துக்குப் பரிசு என்று அறிவித்தேன். அடுத்த வாரத்திலிருந்து பதினாறு பக்கப் புத்தகங்கள் மட்டுமே வெளியே போயின. காலையில் எடுத்ததை மதியம் திருப்பித் தந்தார்கள். தடித்த புத்தகத்தைப் பாதி படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன், இதில் எண்ணிக்கை ஏறாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். தவறு என்னுடையது.

தலைமையாசிரியர் எண் கேட்பார், கொடுக்கத்தான் வேண்டும். மொத்த வழங்கல் எத்தனை, ஒருமுறையாவது வெளியே போன புத்தகம் எத்தனை, அந்த மாதம் எதுவுமே எடுக்காத பிள்ளைகள் எத்தனை பேர்: இந்த மூன்றும் வழங்கல் பதிவேட்டிலிருந்தே கிடைக்கும். மூன்றாவது எண்ணுக்குரிய பெயர்ப் பட்டியல் உங்கள் மேசைக்குள் இருக்கட்டும். நீங்கள் போய்ப் பேச வேண்டியது அவர்களிடம்தான்.

டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு சீட்டுகளை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். எது கிழியக் கிழியப் படிக்கப்பட்டிருக்கிறது, எதை ‘இதுமாதிரி இன்னும் வேணும்’ என்று கேட்டிருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வரும். சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியை ஒட்டி வரும். பத்து சதவீதத் தள்ளுபடி கிடைக்கும். மாவட்டப் புத்தகத் திருவிழா பக்கத்தில் நடந்தால் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போய்த் தேர்வு செய்யச் சொல்லுங்கள். எதில் தொடங்குவது என்று குழம்பினால், சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கிவரும் சிறார் இலக்கிய விருதான பால சாகித்ய புரஸ்கார் பெற்ற தமிழ் நூல்களின் பட்டியலைப் பாருங்கள். நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயா என்ற சிறுவர் நூல்வரிசை விலை குறைவு. ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகளை இலவசமாக இறக்கி அச்செடுக்கலாம், உரிமம் அதற்கு இடம் தருகிறது. பள்ளிக்கு வரும் ‘தேன்சிட்டு’ இதழையும், வெளியே கிடைக்கும் ‘துளிர்’ அறிவியல் இதழையும் புத்தகமாகவே கணக்கில் வைத்து உள்ளே சீட்டுப் போடுங்கள். இதழ் படிக்கிற பையனும் வாசகன்தான்.

ஆண்டுப் பதிவை ஏப்ரலுக்குத் தள்ளாதீர்கள். உலகப் புத்தக நாள் ஏப்ரல் 23-இல் வருகிறது, நமக்கு அது ஆண்டுத் தேர்வுக் காலம். பிப்ரவரி இரண்டாம் வாரமே சரி. ஒவ்வொரு பிள்ளையும் ஆண்டு முழுவதும் எழுதியதில் ஒரே ஒரு சீட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். 180 சீட்டையும் வெள்ளைத் தாளில் ஒட்டி நூல் கோத்துத் தைத்தால் உங்கள் பள்ளியின் ஓராண்டு வாசிப்பு கைக்குள் வந்துவிடும். இந்தத் தொகுப்பில் மட்டும் ஓரத்தில் லேசாகக் கோந்து தடவி ஒட்டலாம். புத்தகத்தின் பெயர், சேர்க்கை எண் (வரவுப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு உள்ள எண்), சீட்டு, வகுப்பு, இவ்வளவு போதும். அதற்கு வரவுப் பதிவேட்டில் ஒரு எண் கொடுத்துப் பீரோவில் வைத்துவிடுங்கள். ஜூனில் புதிதாக ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் முதல் நூலகப் பாடவேளையில் அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். அவர்கள் ஒரு சீட்டைப் படித்துவிட்டு, “டீச்சர், இந்தப் புத்தகம் எங்கே இருக்கு?” என்று கேட்பார்கள். சேர்க்கை எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள்.