லினக்ஸுக்கு எந்த வைஃபை பிரிண்டர் வாங்கலாம்?

கேள்வி: பழைய லேப்டாப் விண்டோஸைத் தாங்காமல் திணறியதால் லினக்ஸ் மின்ட் போட்டுவிட்டேன். நன்றாகவே ஓடுகிறது. இப்போது வைஃபை பிரிண்டர் ஒன்று வாங்க வேண்டும். எந்தப் பெட்டியைத் திருப்பினாலும் விண்டோஸ், மேக் என்றுதான் போட்டிருக்கிறது. கடையில் விசாரித்தால், "லினக்ஸா? அப்படின்னா?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். வாங்கி வந்த பிறகு முழிக்கக் கூடாது. எதைப் பார்த்து வாங்குவது, எப்படி இணைப்பது?

பதில்: பெட்டியில் லினக்ஸ் என்ற சொல்லைத் தேடாதீர்கள், கிடைக்காது. ஏர்பிரிண்ட் என்ற சொல்லைத் தேடுங்கள். அது இருந்தால் முக்கால் கிணறு தாண்டியாயிற்று.

ஆப்பிளின் சொல் லினக்ஸுக்கு எப்படி உதவும் என்று கேட்பீர்கள். ஐபோனில் பிரிண்டர் டிரைவர், அதாவது பிரிண்டரை இயக்க நிறுவனம் தரும் மென்பொருள், எதையும் நிறுவ முடியாது. அதனால் டிரைவரே இல்லாமல் அச்சடிக்கும் முறை ஒன்றை 2010-ல் ஆப்பிள் கொண்டுவந்தது. "நான் இன்னார், இந்த அளவுத் தாள் எடுப்பேன், வண்ணம் உண்டு, இரண்டு பக்கமும் அடிப்பேன்" என்று பிரிண்டரே நெட்வொர்க்கில் அறிவித்துக்கொள்ளும். கேட்பவர் அதற்கேற்ப அனுப்பினால் போதும். இந்தப் பேச்சுக்கான மொழி ஐ.பி.பி. என்ற பொது நெறிமுறை. லினக்ஸில் அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் மென்பொருளுக்கும் அதுதான் தாய்மொழி. மேக்கிலும் 2002 முதல் இருப்பது இதே கப்ஸ்தான். மோப்ரியா, ஐ.பி.பி. எவ்ரிவேர் என்று போட்டிருந்தாலும் நல்ல சகுனமே. உங்களுடையது கடந்த சில ஆண்டுகளில் வந்த மின்ட் என்றால் இந்த வசதி உள்ளேயே இருக்கிறது. மின்டின் பூர்வீகமான டெபியன் லினக்ஸில் 2019-ல் வந்த 10-ஆம் பதிப்பிலேயே இது வந்துவிட்டது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, மலிவு லேசர் பிரிண்டர்கள். சிலவற்றில் பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றும் வேலை முழுவதும் கம்ப்யூட்டரின் தலையில்தான் விழும். அதற்கு அந்த நிறுவனத்தின் டிரைவர் இல்லாமல் முடியாது. லினக்ஸ் டிரைவர் தருகிறார்கள் என்றாலும் அது பெரும்பாலும் இன்டெல், ஏஎம்டி வகைக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டுமே. வேறு வகைச் சிப்பில் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் அங்கே மாட்டிக்கொள்வார்கள். ஏர்பிரிண்ட் இல்லாத மலிவு லேசரை நான் தொடவே மாட்டேன்.

இரண்டு, கணக்குத் திறந்தால்தான் ஓடும் பிரிண்டர்கள். எச்.பி. பிளஸ் திட்டத்தில் சேர்ந்த பிரிண்டருக்கு இணைய இணைப்பு எப்போதும் இருக்க வேண்டும், கணக்கு வேண்டும், அவர்களுடைய சொந்த மையே போட வேண்டும். லினக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பெட்டி யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் இதற்கும் நிறையச் சம்பந்தம் உண்டு.

மூன்று, சின்னத் திரையாவது உள்ள மாடலாகப் பாருங்கள். காரணம் கீழே வருகிறது. (மாதம் நான்கைந்து பக்கம்தான் அடிப்பீர்கள் என்றால் இங்க்ஜெட் வேண்டாம், முனை காய்ந்துவிடும். லேசரில் போடும் டோனர் பொடி, காயாது.)

இனி இணைப்பது. பலரும் லினக்ஸில் தொடங்குகிறார்கள். அது தலைகீழ். முதலில் பிரிண்டர் உங்கள் வைஃபையில் சேர வேண்டும், கம்ப்யூட்டரின் முறை அதற்கப்புறம்தான். திரை இருந்தால் பிரிண்டரின் மெனுவிலேயே வயர்லெஸ் அமைப்புக்குப் போய் வைஃபை பெயரைத் தேர்ந்து கடவுச்சொல்லை உள்ளிடலாம். இரண்டு வரித் திரையில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகத் தேடுவது பொறுமையைச் சோதிக்கும். சிறிய எழுத்துகள் தீர்ந்து பெரிய எழுத்து, அதன் பிறகு எண்கள். நான் ஒருமுறை பதினாறு எழுத்தையும் உள்ளிட்டு, கடைசியில் சரி என்பதற்குப் பதில் ரத்து பொத்தானை அழுத்தினேன். திரை இல்லையென்றால், ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடத்துக்குள் பிரிண்டரிலும் அழுத்த வேண்டும். ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்று வைக்கப்பட்டிருந்தால் இது பலிக்காது. 2-ம் 3-ம் கலந்த அமைப்புக்கு மாற்றுங்கள். இரண்டும் முடியாவிட்டால் நிறுவனத்தின் ஆப்பை மொபைலில் ஒரே ஒருமுறை போட்டு, சேர்த்த பின் நீக்கிவிடலாம்.

பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். 5 கிகாஹெர்ட்ஸுக்குத் தனிப் பெயர் வைத்திருந்தால், பிரிண்டரின் பட்டியலில் அந்தப் பெயர் வராது. பழுது என்று நினைத்துவிடாதீர்கள்.

சேர்ந்ததா என்று பார்க்க, பிரிண்டரிலிருந்தே நெட்வொர்க் விவரத் தாளை அச்சடியுங்கள். அதில் ஐ.பி. முகவரி 192.168 என்பது போலத் தொடங்கினால் நலம். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை. லினக்ஸில் எதைச் செய்தும் பயனில்லை.

இவ்வளவும் முடிந்தால், மின்டில் ஏதாவது ஒரு கோப்பைத் திறந்து அச்சிடு என்று கொடுங்கள். பிரிண்டரின் பெயர் தானாகவே பட்டியலில் நிற்கும். ஆமாம், அவ்வளவுதான். பெயர் வராவிட்டால் இந்த வரிசையில் பாருங்கள். இணையப் போக்குவரத்தை வேறு வழியாகத் திருப்பிவிடும் வி.பி.என். ஓடுகிறதா? நிறுத்துங்கள். லேப்டாப்போ பிரிண்டரோ விருந்தினர் வைஃபையில் இருக்கிறதா? அதில் உள்ள கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ரவுட்டரே தடுத்து வைத்திருக்கும். அடுத்தது ஃபயர்வால். பிரிண்டரின் அறிவிப்பு யு.டி.பி. 5353 என்ற வாசல் வழியாக வருகிறது. அது அடைபட்டிருந்தால் பிரிண்டர் கத்துவது காதில் விழாது.

அப்படியும் வராவிட்டால், பிரிண்டர் சேர்க்கும் திரையில் ஐ.பி. முகவரியைக் கையால் கொடுக்கலாம். அங்கே டிரைவர் எது என்று ஒரு நீளப் பட்டியல் வந்தால், அதில் டிரைவர்லெஸ் அல்லது ஐ.பி.பி. எவ்ரிவேர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏறக்குறைய அதே மாடல்தானே என்று பக்கத்துப் பெயரைத் தட்டினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தாளின் மேல் வரியில் சதவீதக் குறி, ஆச்சரியக் குறி, பக்கத்தில் பி.எஸ். என்ற எழுத்துகள், கீழே முழுக்க வெள்ளை. அடுத்த தாளில் இன்னொரு வரிப் பிதற்றல். ஒன்றரைப் பக்கக் கடிதத்துக்கு நாற்பது தாள் போயிற்று. அப்போது செய்ய வேண்டியது பிரிண்டரை அணைப்பதல்ல. மீண்டும் போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரும். கம்ப்யூட்டரில் அச்சு வரிசைக்குப் போய் அந்த வேலையை முதலில் ரத்து செய்ய வேண்டும்.

கையால் முகவரி கொடுத்தவர்கள் ரவுட்டரில் அந்த முகவரியைப் பிரிண்டருக்கென்றே ஒதுக்கி வையுங்கள். இல்லையென்றால் ஒருநாள் மின்சாரம் போய் வந்த பிறகு முகவரி மாறி, நேற்று வரை அடித்தது இன்று அடிக்காது.

கேள்வி: பிரிண்டர் நன்றாக அச்சடிக்கிறது. ஒருநாள் தாள் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட்டேன். அதிலிருந்து எதைக் கொடுத்தாலும் வரிசையில் சேர்கிறதே தவிர அச்சாவதில்லை. லினக்ஸை மறுபடி நிறுவ வேண்டுமா?

பதில்: ஐயோ, வேண்டாம். ஒரு பிழை வந்ததும் அந்தப் பிரிண்டரையே நிறுத்திவைக்கும் வழக்கம் சில லினக்ஸ்களில் உண்டு. பிழை நீங்கினாலும் அது தானாக எழாது. உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி, முக்காற்புள்ளி இட்டு 631 சேருங்கள். கப்ஸின் நிர்வாகப் பக்கம் திறக்கும். அங்கே உங்கள் பிரிண்டர் நிறுத்தப்பட்டதாகக் காட்டினால், மெனுவில் மீண்டும் தொடங்கு என்பதைத் தட்டுங்கள். அதற்கு முன் வரிசையில் சேர்ந்து கிடக்கும் ஒரே கடிதத்தின் பன்னிரண்டு நகல்களை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஆல் இன் ஒன் வாங்கினேன். அச்சு வருகிறது, ஸ்கேனரைக் காணவில்லை.

பதில்: அச்சும் ஸ்கேனும் லினக்ஸில் வெவ்வேறு வீடு. ஸ்கேனைக் கவனிப்பது சேன் என்ற மென்பொருள். ஏர்பிரிண்ட் உள்ள ஆல் இன் ஒன் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே ஸ்கேனும் செய்யும். சேன் ஏர்ஸ்கேன் என்ற சிறு தொகுப்பு இருக்கிறதா என்று மென்பொருள் மேலாளரில் பாருங்கள். இல்லாவிட்டால் நிறுவி, ஸ்கேன் ஆப்பை மூடித் திறங்கள். பட்டியலில் ஒரே ஸ்கேனர் இரண்டு பெயரில் நின்றால் குழம்ப வேண்டாம், இரண்டு வழிகளில் தெரிகிறது. முதலாவதில் நடுவழியில் நின்றால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.