தக்காளிச் செடி பச்சையாக இருக்கும்போதே ஏன் வாடுகிறது? வேரில் விட்ட நல்ல நுண்ணுயிர் ஏன் காப்பாற்றவில்லை?

பெரும்பாலும் ரால்ஸ்டோனியா பாக்டீரியாதான் காரணம். இந்தப் பாக்டீரியாவால் காயமில்லாத வேர்த்தோலை எளிதில் துளைக்க முடியாது. களைக்கொத்து பட்ட காயம், நூற்புழு கடித்த இடம், பக்கவேர் பிளந்து வெளிவரும் இடுக்கு ஆகியவைதான் அதன் முக்கிய வாசல்கள். உள்ளே போனதும் ஊசி போன்ற ஓர் அமைப்பால் செடியின் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்தி எதிர்ப்பை அடக்கும். பிறகு நீர்க்குழாய்களில் பெருகி, பிசுபிசுப்பான சர்க்கரைக் கூழைச் சுரந்து அவற்றை அடைத்துவிடும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி தொங்குவது இதனால்தான்.

உறுதிசெய்ய, அடித்தண்டை வெட்டி, வெட்டுமுனை தெளிந்த நீரில் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற இழை இறங்கும். பூஞ்சை வாடலில் இது வராது.

உண்மையான போட்டி வேருக்கு வெளியேதான் நடக்கிறது. சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் என்ற நல்ல பாக்டீரியா இரும்பைப் பற்றும் மூலக்கூறுகளைச் சுரந்து எதிரியைப் பட்டினி போடும். சில ரகங்கள் நுண்ணுயிர்க்கொல்லியும் சுரக்கும். ரால்ஸ்டோனியாவும் சும்மா இருப்பதில்லை, தன் நெருங்கிய இனங்களையே கொல்லும் புரதங்களை வெளிவிடும். ஆகவே முதலில் இடம்பிடிப்பவருக்கே சாதகம். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் தூள் கலந்து விதைப்பது பயன் தரும். வாடிய செடிக்கு ஊற்றுவது வீண். செப்பு மருந்தோடு கலந்தால் நல்ல பாக்டீரியாவும் சாகும்.