கொன்றையையும் செவ்வரத்தையையும் ஒரே நாளில் வெட்டலாமா?

கேள்வி: எங்கள் முற்றத்தில் சரக்கொன்றை ஒன்று நிற்கிறது. வேலியோரம் செவ்வரத்தை. மாரி முடிந்தபின் மாசியில் ஆள் பிடித்து இரண்டையும் நன்றாகக் கவ்வாத்துப் பண்ணினோம். செவ்வரத்தை பூத்துத் தள்ளுகிறது. கொன்றையில் சித்திரைக்கு ஒரு சரம்கூட இல்லை. மரம் பழுதாகிவிட்டதா?
– வாசகி, கோப்பாய்

பதில்: மரத்துக்கு ஒன்றுமில்லை. பூக்கவிருந்த கொப்புகளைத்தான் வெட்டிவிட்டீர்கள்.

செவ்வரத்தை புதிதாக விடும் துளிரில் பூக்கும். எவ்வளவு துளிர்க்கிறதோ அவ்வளவு பூ. கொன்றை அப்படியில்லை; முன்னமே வளர்ந்து முற்றிய கொப்பில்தான் சரம் விடும். மாசியில் வெட்டினால் அந்த வருடப் பூ வெட்டிய குழையோடு போய்விடும்.

ஆகவே கொன்றைக்குப் பூ ஓய்ந்த கையோடு, ஆனி மாதமளவில் கத்தி வையுங்கள். அதன்பின் வரும் கொப்பு மாரி மழையில் தேறி, சித்திரைக்குள் முற்றிவிடும். ஆனியில் இங்கே சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்து வாட்டும் என்பதால் காற்பங்குக்கு மேல் கழிக்காமல், சில கிழமைக்குத் தண்ணீரும் ஊற்றுங்கள். பட்ட கொப்புக்கு மாதக் கணக்கில்லை, கண்டவுடன் எடுக்கலாம். கூரைக்கு மேல் சாய்ந்ததை மட்டும் புயல் மழைக்கு முன், புரட்டாதிக்குள் இறக்கிவிடுங்கள். மின்கம்பியில் முட்டும் கொப்பை நீங்கள் தொடவே வேண்டாம், மின்சார சபைக்குச் சொல்லுங்கள்.

செவ்வரத்தைக்கு நீங்கள் செய்த மாசி வெட்டு சரிதான். வெட்டிய செடி மறுபடி நிறையப் பூக்க இரண்டு மூன்று மாதம் எடுக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் பூப்பறிக்க ஆசையென்றால் சித்திரைக்குப் பிறகு அதில் கை வைக்காதீர்கள். கடதாசிப்பூவும் புதுத் துளிரில் பூப்பதுதான். ஒரு தரம் பூத்து ஓய்ந்ததும் நுனிகளைக் கழித்துவிடலாம்.

வெட்டுகிற விதம்தான் எனக்குப் பெரிய கவலை. கைத்தடிப் பருமனுக்கு மேற்பட்ட கொப்பைக் கத்தியால் ஒரே போடாகப் போட்டால், அது தன் பாரத்தில் அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். கைவாள் எடுங்கள். அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, முதலில் கொப்பின் கீழ்ப்புறம் மூன்றிலொரு பங்கு ஆழத்துக்கு அறுங்கள். அதற்கு இரண்டு விரல் வெளியே மேலிருந்து அறுத்தால் கொப்பு பட்டையை உரிக்காமல் விழும். மிஞ்சிய கட்டையைக் கடைசியாக எடுங்கள். கொப்பு மரத்தோடு சேருமிடத்தில் ஒரு தடித்த வளையம் தெரியும். அதற்குச் சற்று வெளியே, வளையத்தைச் சேதப்படுத்தாமல் வெட்ட வேண்டும். காயம் மூடுவது அந்த வளையத்திலிருந்துதான். அடிமரத்தோடு ஒட்டச் சீவிவிட்டால் பார்க்கத் துப்புரவாக இருக்கும், பிறகு அந்த இடம் உக்கும். முழக் கட்டை விட்டாலும் உக்கல்தான். சாணம், தார், பெயின்ற் ஒன்றும் பூச வேண்டாம். காயம் காய்ந்தாலே போதும். மழை விடாமல் பெய்யும் நாளில் மட்டும் வெட்டாதீர்கள்.

அப்புறம், வேலியில் அலரியும் நின்றால் அதன் குழையைத் தனியாகப் போடுங்கள். செவ்வரத்தைக் குழையை ஆட்டுக்குப் போடலாம், அலரி கலந்தால் ஆடு செத்துவிடும். அலரியை எரிக்கவும் கூடாது, புகையும் நஞ்சு. கிடங்கு வெட்டித் தாட்டுவிடுங்கள்.